உன் பேரை வெட்டச் சொன்னேன்

அந்தோனியார் துணை

மேற்பிரிவு லயம், பசறை
செப்டெம்பர் 11

அன்பு மகள் ஷிரோமிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம், ரெங்கம்மாவின் கோழியும் சுகம், அங்கே நீயும் உன் மேடமும் மேடத்தின் மூன்று பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன், அதிலும் அந்தக் கடைசிப் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறேன், அது தூங்கினால்தான் நீ தூங்குவாய். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடதாசியில் எழுதுகிறாள் என்று நீ நினைப்பாய். ஒன்று, போனுக்கு ரீலோட் போடுகிற காசை வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைத்துவிட்டேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இன்னொன்று, போனில் உன் குரலைக் கேட்டதும் என் வாய் தானாகக் கோமாளி வேலைக்குப் போய்விடுகிறது, சொல்ல வந்ததைச் சொல்லாமல் உன்னைச் சிரிக்க வைத்துவிட்டு வைத்துவிடுகிறேன். கடதாசியில் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது. அதனால் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கீழ்ப்பிரிவு நிரஞ்சலா லீவு முடிந்து அடுத்த கிழமை மறுபடி குவைத்துக்குப் போகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன், கூடவே கருவாடும் இரண்டு பக்கெட் தேயிலைத்தூளும் இருக்கிறது. என் எழுத்து மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து, நாலு நாளாக எழுதுகிறேன், கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அனுப்பின குரலை நாங்கள் நாலு தடவை கேட்டோம். மேடம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார், முப்பதாம் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். அம்மா வெளையாடாம சொல்லுங்க, வீட்டுல இன்னும் எவ்வளவு கடன் இருக்கு, நான் வரவா இருக்கவா என்று கேட்டாய். அதற்கு நான் எல்லாம் முடிந்துவிட்டது, உன் கல்யாண ஊர்வலத்துக்கு யானை வாங்குவது மட்டும்தான் பாக்கி என்று பதில் அனுப்பினேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போய் விறகு வெட்டினார். விறகு ஏற்கெனவே வெட்டி அடுக்கி இருந்தது, வெட்டினதையே மறுபடி வெட்டினார். அடுப்புக்குள் வைத்தால் நெருப்புக்குச்சி மாதிரி எரிகிறது. யானை பொய் மகளே. கடன் முடியவில்லை. உண்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறேன், நடுவில் எழுந்து போய்விடாதே, அங்கே மேடம் கூப்பிட்டால் மட்டும் போய்விட்டு வா.

நீ போவதற்கு முன்னால் நம் ஒற்றைக் காம்பராவுக்குப் பின்னால் சமைக்கக் குசினி இழுத்து, கக்கூஸ் கட்டினோமே, அது வட்டிக்குக் கொடுக்கிற கம்பனிக் கடன் என்று உனக்குத் தெரியும். ஐந்து பொம்பளைகள் குழுவாகச் சேர்ந்து ஒருத்திக்கு ஒருத்தி கையெழுத்துப் போட்டு எடுத்தது, கிழமைக்குக் கிழமை செவ்வாய் கட்ட வேண்டும். அதுவரைக்கும் உனக்குத் தெரியும். நீ போன நாலாம் மாதம் உன் அப்பா ஃபெக்டரியில் தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு படியில் விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் படுத்தார். உனக்கு நாங்கள் சளிக்காய்ச்சல் என்று சொன்னோம். மூன்று மாதம் சளி பிடிக்கிற மனுஷனை நீயும் நம்பினாய், அந்த நேரம் உன்னைப் புத்திசாலி என்று வளர்த்தது நானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அந்த மூன்று மாதம் செவ்வாய்க்கிழமைக்குக் காசு வேண்டும் என்று இரண்டாவது கம்பனியில் எடுத்தேன். இரண்டாவதுக்குக் கட்ட மூன்றாவதில் எடுத்தேன். நடுவில் சங்கிலியை அடகு வைத்தேன். வீடியோவில் கழுத்து ஏன் வெறுமையா இருக்கு என்று கேட்டாய், கொழுந்துச் செடியில் மாட்டிக்கொள்ளும் என்று கழற்றி வைத்தேன் என்றேன். முப்பத்தொரு வருஷமாக மாட்டாத செடி.

முதலாவது கம்பனிக்கு வசூலுக்கு வருகிறவன் பெயர் கஜேந்திரன். முப்பது வயது இருக்கும், சட்டையை இஸ்திரி போட்டு வருவான், காசு கொடுக்கும்வரை வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பான், எழும்ப மாட்டான். சத்தம் போட மாட்டான். போட்டால்கூடப் பரவாயில்லை, உட்கார்ந்திருப்பதைத்தான் லயம் முழுக்கப் பார்க்கும். ஆரம்பத்தில் அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் பின்பக்கம் கக்கூசுக்குள் போய்க் கதவைப் போட்டுக்கொண்டு நிற்பேன், கடன் வாங்கிக் கட்டின கக்கூஸ் அதற்காவது உதவியது. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஒளியவில்லை. தைரியம் வந்து இல்லை, ஒளிய வேண்டும் என்று தோன்றவில்லை. அவனுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்கு அரிசி புடைத்தேன். என்னக்கா இன்னைக்கு இருக்கீங்க என்றான். ஆமா தம்பி, உன்ன மாதிரி ஒரு மாப்பிள்ளைய வாசல்ல உக்கார வச்சுட்டு எங்க போறது என்றேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன், சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. மார்கழியில் பனியோடு கொழுந்து எடுக்கும்போது விரலெல்லாம் செத்துப்போகும், கிள்ளினது கையில் இருக்கிறதா கீழே விழுந்ததா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். ஒரு வருஷமாக எனக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கிறது. பூசைக்குப் போனால் முழங்கால் போடுகிறேன், எழும்புகிறேன். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று உன் அப்பா கேட்டால் நல்லா இருந்துச்சு என்கிறேன்.

ரெங்கம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளும் எங்கள் ஐந்து பேரில் ஒருத்தி. மே மாதம் ஒரு காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வரவில்லை. வீட்டில் பூட்டு. கொழும்பில் ஒரு வீட்டில் சமையலுக்குப் போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது, என்னிடம்கூடச் சொல்லவில்லை, கோழியை மட்டும் எங்கள் வாசலில் கூடையால் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். இருபத்தைந்து வருஷம் எனக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுத்தவள், நீ பிறந்தபோது உன் தொப்புள்கொடியைப் பார்த்தவள். அவளுடைய பாக்கியை மிச்சம் நாலு பேரும் சேர்ந்து கட்ட வேண்டும் என்று கம்பனியில் சொன்னார்கள், கையெழுத்துப் போட்டிருக்கிறோமே. மற்ற மூன்று பேரும் அவளை மண் வாரித் தூற்றினார்கள். எனக்குத் திட்டவும் வரவில்லை, அழவும் வரவில்லை. கோழிக்கு அரிசி போட்டேன். அது நாள் தவறாமல் முட்டை போடுகிறது, அதன் எசமானியைவிட ஒழுங்கு என்று கஜேந்திரனிடம் சொன்னேன், அவன் சிரித்துவிட்டு அந்த வாரத்து முட்டையையும் கணக்கில் எடுத்துக்கொண்டான்.

இப்படி இருக்கும்போது ஜூலை மாதம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன், கடன், இலவசம் என்று இரண்டு வார்த்தை பெரிதாக இருந்தது, கடன் இலவசம் என்று படித்துவிட்டு அங்கே நின்ற எல்லாருக்கும் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அரைவாசிப் பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். நம் தம்பையா கங்காணி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, இலவசம் கடன் இல்ல றோசாலி, கடன் பட்டவங்களுக்குப் புத்தி சொல்றது இலவசம், அரசாங்கச் செலவு, மாசத்துல ரெண்டு புதன்கிழமை டவுன் ஆபிஸ்ல என்றார். புத்தியும் குடுத்தா வாங்கிக்குவோம் கங்காணி, வீட்டுல ஸ்டொக் இல்ல என்றேன். சும்மாதான் சொன்னேன். ஆனால் உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு அடுத்த புதன்கிழமை காலையிலேயே பூசைக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு இஸ்தோப்பில் நின்றார். போவோம் என்றார். உன் அப்பா ஒரு வார்த்தை பேசினால் நான் மறுபேச்சுப் பேச முடியாது, அடுத்த வார்த்தைக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பஸ் ஏறிப் போனோம்.

அங்கே ஒரு மேசைக்குப் பின்னால் ஸைனப் என்று ஒரு மிஸ் இருந்தாள். உன் வயதுதான் இருக்கும், பதுளை டவுன் பிள்ளை, தோட்டத்துப் பக்கம் வேலைக்கு வந்து இரண்டு மாதம்தானாம். பெரிய படிவம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், அம்மா எத்தனை பேர் என்று கேட்டாள். நானும் சரியாகத்தான் பதில் சொன்னேன், போன மாசம் பதினெட்டு பேர் மிஸ், அதோட மூணு அரைப்பேர் என்றேன். அந்தப் பிள்ளையின் பேனை நின்றுவிட்டது. பதினெட்டு பேரா, ஒரே காம்பராவுலயா என்றாள். இல்ல மிஸ் மலையில என்றேன். மலையில எங்கம்மா தங்குறாங்க என்றாள். தங்கிறது இல்ல, காலையில போட்டா சாயங்காலம் முடிஞ்சிரும் என்றேன். சரி, அந்த அரைப்பேர்ங்கிறது சின்னப் பிள்ளைங்களா என்று மெதுவாகக் கேட்டாள். இல்ல மிஸ், கொழுந்து கிலோ குறைஞ்சா பாதியா வெட்டிருவாங்க, போன மாசம் முழுசாவே ரெண்டு பேர வெட்டிட்டாங்க, எங்க தம்பையா கங்காணிதான் வெட்டினாரு, நல்ல மனுசன்தான், என்ன செய்றது என்றேன். அந்தப் பிள்ளை பேனையை வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் இருந்த தோட்டத்து ஆட்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். உன் அப்பாதான், மிஸ், தோட்டத்துல ஒரு நாள் வேலை செஞ்சா ஒரு பேர் போடுவாங்க, அவ சம்பளத்தச் சொல்றா, வீட்டுல நாங்க ரெண்டே பேர் என்றார். ஒரே நாளில் அத்தனை வார்த்தை உன் அப்பா பேசி நான் கேட்டதில்லை. ஸைனப் மிஸ் பதினெட்டை வெட்டிவிட்டு இரண்டு என்று எழுதினாள், எழுதும்போது அவளுக்கும் தோள் குலுங்கியது. அதற்குப் பிறகு அவளுக்கு எங்களிடம் வெட்கம் போய்விட்டது, எங்களுக்கும் அவளிடம் பயம் போய்விட்டது.

பிறகு எங்கள் இரண்டு பேரையும் இரண்டு பெஞ்சில் உட்கார வைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். மாதச் செலவை ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் எழுத வேண்டுமாம், பரீட்சை மாதிரி. நான் என் வாழ்க்கையில் எழுதின முதல் பரீட்சை, உன் அப்பா கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் தாளில் லொத்தர் சீட்டு என்று இருக்கிறது, கிழமைக்கு மூன்று. பத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரியாது. விழுந்ததா என்று கேட்டேன், ஒரு தடவை நாற்பது ரூபாய் என்றார். என் தாளில் அரிசி, மா, சீனி, கருவாடு, கோவில் எல்லாவற்றையும்விட ரீலோட் பெரிதாக இருந்தது. ஸைனப் மிஸ் அதில் விரலை வைத்து, அம்மா இது பெரிய செலவா இருக்கே என்றாள். அது செலவு இல்ல மிஸ், அது பிள்ளை என்றேன். அவள் அதை வெட்டவில்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து நானேதான் வெட்டினேன், உன் அப்பா லொத்தரை வெட்டினார், நான் ரீலோட்டில் முக்கால்வாசியை வெட்டினேன். அதனால்தான் இந்தக் கடதாசி.

இப்போது சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். வருமானம் என்கிற இடத்தில் என் பேர், உன் அப்பா பேர், கோழி முட்டை எல்லாம் எழுதினபிறகு உன் பேரை எழுதினாள், ஷிரோமி, குவைத், மாதம் நாற்பதாயிரம் என்று. எழுதிவிட்டு, இது உங்களுக்குன்னு அனுப்புறதா, இல்ல அவங்களோட சொந்தக் காசா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள், படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருக்கும்போல. பத்தாயிரம் வீட்டுச் செலவுக்கு, முப்பதாயிரம் அவ பேங்க் புத்தகத்துக்கு என்றேன். அப்ப புத்தகத்துல இப்ப எவ்வளவு இருக்கு என்றாள்.

மகளே, புத்தகத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் இருக்கிறது. நம் இரண்டு பேர் பேரிலும் போட்ட புத்தகம் என்றபடியால் என் கையெழுத்துக்கும் காசு கொடுத்தார்கள். மாதா மாதம் நீ போட்டாய், மாதா மாதம் நான் எடுத்தேன். இருபத்து மூன்று மாதம். ஒவ்வொரு தடவையும் இந்த மாதம் மட்டும், அடுத்த மாதம் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன், பத்தாம் பதினோராம் தடவைக்குப் பிறகு அதுவும் நினைக்கவில்லை, சந்தைக்குப் போகிற மாதிரி போய் எடுத்துவிட்டு வந்தேன். பேங்கில் இருக்கிற பெண் என் முகம் பழகி, என்னக்கா மகள் வீடு கட்டுதா என்று கேட்பாள். ஆமா மாடி வீடு என்பேன். நீ போனில் புத்தகத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கு என்று இரண்டு தடவை கேட்டாய். இரண்டு தடவையும் நான் உன்னைச் சிரிக்க வைத்தேன். என்ன சொல்லிச் சிரிக்க வைத்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகை வரும் என்று நினைத்து முந்தானையை எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. உனக்கு வந்தால் அழு, என்னைத் திட்ட வேண்டும் என்றால் குரல் போட்டு அனுப்பு, நான் முழுதாகக் கேட்பேன், நடுவில் விளையாட மாட்டேன்.

ஸைனப் மிஸ் திட்டவில்லை. மெஷினில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், மூன்று கம்பனிக்கும் அடகுக்கும் சேர்த்து இன்னும் நாலு லட்சத்து இருபதாயிரம் இருக்கிறது, மகள் அனுப்புகிற நாற்பதாயிரமும் முழுதாக இதற்கே வந்தால் பதினோரு மாதத்தில் முடியும், மகள் காசு இல்லாமல் உங்கள் இரண்டு பேர் சம்பளத்தில் மட்டும் என்றால் மூன்று வருஷமும் இரண்டு மாதமும் போகும், அதுவும் நான் கம்பனிகளுக்குக் கடிதம் எழுதி அவர்கள் தவணையைக் குறைத்தால்தான் என்றாள். எது என்று நீங்கதான் சொல்லணும், நான் சொல்ல ஏலாது என்றாள். சொல்லிவிட்டுப் பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். உனக்கு ஒன்று சொல்கிறேன், நான் பதினெட்டு வயதில் பேர் பதிந்தேன், இந்த முப்பத்தொரு வருஷத்தில் என் பேரை எத்தனையோ தடவை வெட்டியிருக்கிறார்கள், பிந்தி வந்ததற்கு வெட்டினார்கள், கிலோ குறைந்ததற்கு வெட்டினார்கள், நீ காய்ச்சலில் கிடந்தபோது பாதி நாளில் இறங்கி வந்ததற்கு வெட்டினார்கள், ஒரு தடவைகூட என்னைக் கேட்டுவிட்டு வெட்டவில்லை. இந்தப் பிள்ளைதான் வெட்டவா வைக்கவா என்று முதல்முதல் கேட்டது. நான், அவ பேர வெட்டிருங்க மிஸ் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. அவள் அடிமட்டம் வைத்து உன் பேர்மேல் ஒரு கோடு போட்டாள்.

எழுந்து வரலாம் என்று நான் பையைத் தேடினால், உன் அப்பா எழும்பவில்லை. மிஸ், இன்னும் ஒரு ஆளுக்குக் குடுக்கணும், அதையும் எழுதுங்க என்றார். லொத்தர் மாதிரி இதுவும் ஏதோ இருக்கிறது, நாலாவது கம்பனி என்று நினைத்தேன். அவள் கடன் கொடுத்தவர்கள் என்கிற பக்கத்தைப் புரட்டி, யாருக்கு என்றாள். ஷிரோமிக்கு என்றார். எவ்வளவு என்றாள். இருபத்து மூன்று மாதத்தை அவர் ஏற்கெனவே வாயால் பெருக்கி வைத்திருந்தார், ஆறு லட்சத்துத் தொண்ணூறாயிரம் என்று ஒரே மூச்சில் சொன்னார். அப்படியே எழுதினாள் மகளே. மூன்று கம்பனிக்கும் கீழே, நாலாவதாக, கடன் கொடுத்தவர் ஷிரோமி அந்தோனிமுத்து என்று. ஒரு பக்கத்தில் வெட்டின பேர் மறு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. வட்டி எவ்வளவு என்றாள், இன்னும் பேசவில்லை என்றோம். தவணை எவ்வளவு, எப்போதிருந்து என்றாள், அதையும் பேசவில்லை என்றோம். அப்ப அந்தக் கட்டத்த சும்மா விடுறேன், கடன் குடுத்தவங்ககிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுங்க என்றாள். கேட்கத்தான் இந்தக் கடதாசி. கம்பனிக் கடன் முடிகிறவரை மாதம் ஆயிரம், அதற்குப் பிறகு கம்பனிக்குக் கட்டுகிற பதினோராயிரத்தையும் உனக்கே கட்டலாம் என்று உன் அப்பா விரலை மடக்கிப் பார்த்திருக்கிறார், நான் கூடையை இறக்கி வைக்கிற வயதுக்குள் முடிந்துவிடும் என்கிறார். போதாது என்றால் சொல். நீ கேட்கிறதுதான் அந்தக் கட்டத்தில் வரும்.

இப்போதைக்கு இங்கே நிலைமை இதுதான். ஸைனப் மிஸ் எழுதின கடிதத்துக்கு இரண்டு கம்பனி சம்மதித்துவிட்டது, கிழமைக்குக் கிழமை இல்லாமல் சம்பளத்துக்கு மறுநாள் மாதம் ஒரு தடவை கட்டினால் போதும் என்று. மூன்றாவது கம்பனி இன்னும் பதில் போடவில்லை, அதற்கு மறுபடி எழுதியிருக்கிறாள். சம்பளம் வந்த அன்றைக்கே காசைப் பிரித்து மா டின், சீனி டின், தேயிலை டின் என்று மூன்று டின்னில் போட்டு வைக்கச் சொன்னாள், உன் அப்பா தேத்தண்ணி போடப் போய் ஆயிரம் ரூபாய்த் தாளைச் சுடுதண்ணியில் போட்டுவிட்டார், கொடியில் காயப் போட்டோம். புதுக்கடன் எந்தக் கடனைக் கட்டவும் எடுக்கக்கூடாது என்று என்னிடம் கையெழுத்தே வாங்கியிருக்கிறாள். ரெங்கம்மாவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், வந்தால் அவளையும் அந்த மேசைக்குக் கூட்டிப் போவேன், எத்தனை பேர் என்று கேட்டால் வாயைத் திறக்காதே என்று சொல்லிக் கூட்டிப் போவேன். போன செவ்வாய்க்கிழமை கஜேந்திரன் வரவில்லை, வர வேண்டிய தேவை இல்லை. நான் சந்தோஷப்பட வேண்டும், தெரியும். மூன்று மணிக்கு அடுப்படியில் நின்று பார்த்தால் மூன்று தேத்தண்ணி ஊற்றி வைத்திருக்கிறேன். ஒன்று எனக்கு, ஒன்று உன் அப்பாவுக்கு. மூன்றாவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நானே குடித்தேன், ஆறியிருந்தது.

இனி உன் கேள்விக்குப் பதில். வா என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. எங்களுக்காகக் கையெழுத்துப் போடாதே, எங்கள் தாளில் உன் பேரை வெட்டியாகிவிட்டது, வெட்டின பேருக்கு யாரும் வேலை செய்யக்கூடாது, அது தோட்டத்துச் சட்டம். உனக்காக இருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் இரு, ஆனால் இனிமேல் உன் காசை அங்கேயே உன் பேரில் மட்டும் போட்டு வை, என் கையெழுத்து செல்லாத இடத்தில் போட்டு வை. வெறுங்கையோடு வந்தால் சனம் என்ன சொல்லும் என்று யோசிக்காதே, சனத்திடம் நான் ஏற்கெனவே மாடி வீடு கட்டிவிட்டேன், நீ படுக்க இடம் இருக்கிறது. முப்பதாம் திகதிக்குள் மேடத்திடம் என்ன சொல்லப் போகிறாய் என்று யோசிக்கும்போது அம்மா சிரிக்க வைத்த குரலை நினைக்காதே, இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்து யோசி.

வேளைக்குச் சாப்பிடு, வெந்நீரில் குளி, கடைசிப் பிள்ளை தூங்கும்போது நீயும் கண்ணை மூடு. மாதாவும் அந்தோனியாரும் உன் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் காவல் இருக்கட்டும், உன் அப்பா தன் பங்குக்கு ஆசீர்வாதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார், அடுத்த மாதத்து வார்த்தையையும் முன்கூட்டி உனக்கே தந்துவிட்டார் என்று வைத்துக்கொள். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள், மறக்காதே. அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, வட்டியும் தவணையும் எழுதி அனுப்பு. இல்லை, கடன் கொடுத்த ஆள் நேரில் வந்துதான் பேசுவேன் என்றால், செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வா. அன்றைக்குப் பழக்கத்தில் ஒரு தேத்தண்ணி கூடுதலாக ஊற்றி வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன்னிடம் கடன்பட்ட அம்மா
அ. றோசாலி